கேக் விற்றுக் கூரை வேயும் ஆலயங்கள்: இங்கிலாந்துக் கிராமத் திருச்சபையின் விழாக்களும் ஊழியமும் இயங்கும் விதம்

இங்கிலாந்து திருச்சபையைப் பற்றி வரும் செய்திகளில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு படங்கள் மாறி மாறித் தென்படுகின்றன. ஒன்றில், ஆயிரம் கோடி பவுண்டை ஒட்டிய முதலீட்டு நிதியை வைத்திருக்கும் பெரும் நிறுவனம். மற்றொன்றில், ஒழுகும் கூரையைச் சரிசெய்யக் கேக்கும் பழைய புத்தகங்களும் விற்கிற கிராமத்து ஆலயம். இரண்டும் உண்மைதான். பணம் இவ்வளவு இருக்கும்போது குருவானவர் ஏன் ராஃபிள் எனப்படும் பரிசுக் குலுக்கல் சீட்டு விற்கிறார் என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. பங்கு (பாரிஷ்) என்பது என்ன, அதன் செலவை யார் சுமக்கிறார்கள், விழா நடத்துபவர்கள் யார் என்று படிப்படியாகப் போனால்தான் விளங்கும். போகும் வழியில் இன்னொன்றும் தெரியவரும்: கிராம ஆலயங்களுக்குப் பணத்தட்டுப்பாட்டைவிட ஆள்தட்டுப்பாடே கடுமையானது. விழாக்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போவதும் அதுதான்.

பங்கு என்பது ஓர் எல்லை

இங்கிலாந்து திருச்சபை பின்பற்றும் ஆங்கிலிக்கன் முறையில் பங்கு என்பது முதலில் ஒரு நிலப்பரப்பு. இங்கிலாந்தின் நிலம் ஏறக்குறைய முழுவதும் ஏதேனும் ஒரு பங்கின் எல்லைக்குள் வந்துவிடும். சுமார் 12,500 பங்குகள், 16,000 அளவில் ஆலயங்கள், இவற்றுக்கு மேலே ஐரோப்பியக் கண்டத்துக்கானதையும் சேர்த்து, பேராயர் (பிஷப்) ஒருவரின் மேற்பார்வையில் பல பங்குகள் அடங்கிய 42 பேராயங்கள். ஆலயங்களில் மூன்றில் இரண்டு பகுதி கிராமப்புறத்தில் நிற்கின்றன. ஆனால் நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர்கூட அங்கே வசிப்பதில்லை. ஆள் குறைவு, கட்டடம் அதிகம் என்ற இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் புரியும்.

எல்லைதான் அடிப்படை என்பதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. பங்கின் எல்லைக்குள் குடியிருப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் வராதவரானாலும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அங்கே திருமணம் செய்துகொள்ளலாம். கல்லறைத் தோட்டத்தில் இடமிருந்தால் அடக்கம் செய்யப்படவும் உரிமை உண்டு.

2. ஒவ்வொரு பங்கிலும் வழக்கமாக, ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களான இரண்டு சர்ச் வார்டன்கள் இருப்பார்கள். இவர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஆலயத்தின் வாக்காளர் ஏட்டில் உள்ளவர்கள் மட்டுமல்லாமல், அந்தப் பங்கில் வசித்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் வாக்களிக்கலாம். மதம் கேட்கப்படுவதில்லை. காமன்வெல்த் குடிமக்கள் அந்தப் பட்டியலில் சேரலாம் என்பதால், ஒரு கிராமத்தில் குடியேறிய இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. வார்டனாக நிற்பதற்கு மட்டும் ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்தில் பங்குகொள்பவராக இருக்க வேண்டும்.

3. குருவானவருக்கு ஒப்படைக்கப்படும் ஆன்மப் பராமரிப்பு, ஆலயத்துக்கு வருகிறவர்களோடு நின்றுவிடுவதில்லை. எல்லைக்குள் இருக்கும் எல்லோரையும் உள்ளடக்கியது.

ஆகவே, ஊர் மக்கள் அனைவரையும் அழைக்கும் கோடை விழாவோ முதியோருக்கான மதிய உணவோ, ஆள் சேர்க்கும் உத்தியாக நேற்று முளைத்தவை அல்ல. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், வறியோரைப் பராமரிக்கும் பொறுப்பையே பங்கின்மேல் சுமத்தியிருந்தது. அந்தப் பணியில் சர்ச் வார்டன்களும் இடம்பெற்றார்கள். 1834இல் வந்த திருத்தச் சட்டம் அந்தப் பொறுப்பைப் பல பங்குகள் சேர்ந்த ஒன்றியங்களுக்கு மாற்றியது. இன்றைய சமூக ஊழியத்துக்கும் அந்தப் பழைய கடமைக்கும் சட்டத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் நெருக்கடி வந்தால் ஆலயக் கதவைத் தட்டும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடவில்லை.

ஒரே பெயரில் இரண்டு குழுக்கள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். செய்திகளில் 'பாரிஷ் கவுன்சில்' என்று வந்தால் அது பெரும்பாலும் ஆலயத்தைச் சேர்ந்தது அல்ல. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், கிராமத்தின் உலகியல் நிர்வாகத்தை ஆலயத்திலிருந்து பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. விளையாட்டுத் திடல், பஸ் நிறுத்த நிழற்குடை, தெருவிளக்கு போன்றவை அவர்களுடைய வேலை. வரி விதிக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான்.

ஆலயத்தின் காரியங்களைப் பார்ப்பது ஆலயக் குழு; ஆங்கிலத்தில் 'பரோக்கியல் சர்ச் கவுன்சில்'. குருவானவர், வார்டன்கள், சபையார் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் ஆகியோர் இதில் இருப்பார்கள். சட்டத்தின் பார்வையில் இது தனி நபர் போன்ற ஓர் அமைப்பு, அறநிறுவனமும்கூட. 1956ஆம் ஆண்டின் விதிமுறை இதன் கடமையை வரையறுக்கும்போது, குருவானவரோடு சேர்ந்து திருச்சபையின் முழுப்பணியையும் முன்னெடுப்பது என்கிறது. ஆன்மிகப் பராமரிப்பு, நற்செய்தி அறிவிப்பு, பிற திருச்சபைகளோடு ஒற்றுமை ஆகியவற்றோடு சமூகப் பணியும் அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்படுகிறது. 'ஆலயக் குழுவுக்கு ஏன் இந்த வேலையெல்லாம்?' என்று கேட்பவர்களுக்கு அந்த வரியே பதில்.

ஒரு குருவானவர், பல ஆலயங்கள்

ஊருக்கொரு குருவானவர், ஆலயத்தின் பக்கத்திலேயே அவருடைய வீடு என்ற படம் பழைய நாவல்களோடு போயிற்று. இப்போது பல பங்குகளை ஒன்றாகக் கட்டி ஒரு குருவானவரின் பொறுப்பில் விடுவதுதான் கிராமப்புறத்தில் வழக்கம். நான்கைந்து ஆலயங்கள் என்பது சாதாரணம். பத்துக்கும் மேற்பட்ட ஆலயங்களைக் கவனிக்கும் குருவானவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற குருவானவர்களும் 'லே ரீடர்' என்னும் உரிமம் பெற்ற சபையாரும் கைகொடுக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நகராது.

இந்த நடைமுறையைச் சட்டம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. ஒவ்வோர் ஆலயத்திலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற விதியின் வேர் 1603ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டங்களில் இருந்தது. 2019 பிப்ரவரியில், திருச்சபையின் சட்டமியற்றும் மன்றமான பொதுச் சினட் அதைத் தளர்த்தியது. ஒரே பொறுப்பின்கீழ் உள்ள ஆலயங்களில் ஏதேனும் ஒன்றில் ஆராதனை நடந்தால் போதும் என்றாயிற்று. கிராமங்களில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்ததற்குத்தான் அன்று சட்டத்தின் முத்திரை விழுந்தது.

விழாக்களுக்கு இதனால் என்ன? மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறு மட்டும் ஆராதனை நடக்கும் ஆலயத்தில், மற்ற நாட்களில் கதவு திறப்பதற்குக் காரணமாக இருப்பவை நிகழ்ச்சிகள்தான். சனிக்கிழமைக் காபிக் கூடுகை, குழந்தைகளோடு தாய்மார் கூடும் காலை, மணியடிப்போர் பயிற்சி, பூ அலங்காரம். இவற்றில் குருவானவர் வந்து தலைகாட்டினாலே பெரிது. நடத்துபவர்கள் சபையார். குருவானவர் மாறிப்போய், அடுத்தவர் வரும்வரை இடம் காலியாக இருக்கும் மாதங்களில் பொறுப்பு முழுவதும் வார்டன்களின் தலையில் விழுகிறது. அந்த இடைவெளி ஓராண்டு நீண்டாலும் யாரும் வியப்பதில்லை.

பணம்: யாருடையது, யாருக்குப் போகிறது

ஆயிரம் கோடிப் பவுண்டுக்கு வருவோம். அந்த நிதியை நிர்வகிப்பது சர்ச் கமிஷனர்ஸ் என்ற அமைப்பு. 1704இல் தொடங்கிய குயீன் ஆன்ஸ் பவுன்டி, 1836இல் உருவான எக்லீசியாஸ்டிகல் கமிஷனர்ஸ் ஆகிய இரண்டையும் 1948இல் இணைத்ததன் மூலம் பிறந்தது இது. இதன் வருமானத்திலிருந்து பேராயர்களின் பணிச்செலவு, பேராயங்களின் தலைமை ஆலயங்களான கதீட்ரல்களுக்கான உதவி, 1998க்கு முந்தைய பணிக்காலத்துக்கான குருவானவர் ஓய்வூதியம் ஆகியவை வழங்கப்படுகின்றன. ஏழ்மையான பங்குகளுக்கும் புதிய முயற்சிகளுக்கும் பேராயங்கள் வழியாக மானியம் போகிறது. உங்கள் ஊர் ஆலயத்தின் கூரையைப் பழுதுபார்ப்பது அந்த நிதியின் வேலை அல்ல. அது ஆலயக் குழுவின் பொறுப்பு. ஆலயக் குழுவோ தனக்கென்று கணக்கு வழக்கு வைத்திருக்கும் தனி அறநிறுவனம். திருச்சபை பணக்கார நிறுவனம் என்பதும் கிராம ஆலயம் ஏழை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

பழைய வருவாய்கள் ஒவ்வொன்றாக மறைந்ததும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது.

1. ஆலயத்தைப் பராமரிக்க ஊராரிடம் கட்டாயமாக வசூலித்த வரி 1868இல் ஒழிந்தது.

2. விளைச்சலில் பத்தில் ஒன்று என்று தொடங்கி, 1836இல் பண வடிவத்துக்கு மாற்றப்பட்ட தசமபாகக் கட்டணம் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

3. குருவானவரின் வாழ்வுக்காகப் பங்கோடு சேர்ந்திருந்த 'கிளீப்' நிலம், 1976ஆம் ஆண்டு விதிமுறையின்படி பேராயத்தின் கைக்கு மாறியது. ஆலயத்தைச் சுற்றியுள்ள வயலைக் காட்டி 'இது ஆலயத்து நிலம்' என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். வாடகை போவது பேராயத்துக்கு.

எஞ்சியிருந்த ஒரு பழைய உரிமையின் கதை தனியே சொல்லத்தக்கது. சில ஊர்களில், குறிப்பிட்ட நிலத்தை வைத்திருப்பவர் ஆலயத்தின் பீடப்பகுதியைப் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்ற பொறுப்பு அந்த நிலத்தோடு சேர்ந்தே வரும். வார்விக்ஷயரில் உள்ள ஆஸ்டன் கான்ட்லோ ஆலயக் குழு, ஒரு பண்ணையின் உரிமையாளர்களிடம் இந்தப் பணத்தைக் கேட்டது. வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் ஆலயக் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அதன்பின் இத்தகைய உரிமைகளை 2013 அக்டோபருக்குள் நிலப்பதிவில் குறித்துவைக்க வேண்டும் என்ற கெடு வந்தபோது, நாடெங்கும் ஆலயக் குழுக்கள் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டன. பதிவு செய்யாவிட்டால், அறநிறுவனத்தின் சொத்தைக் கைவிட்டதாகக் குற்றம் சாட்டப்படலாம். பதிவு செய்தாலோ, அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய் கொண்டுவரும் அதே பக்கத்து வீட்டுக்காரருடைய வீட்டின் மதிப்பில் கைவைத்ததாகும். சட்டம் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தயங்கிய ஊர்கள் பல. எல்லோரையும் சார்ந்து வாழும் ஆலயம் யாரிடமும் கறாராக இருக்க முடியாது என்பது அப்போது நன்றாகவே தெரிந்தது.

இன்று செலவுகள் இரண்டு வகை. ஒன்று, கட்டடம், காப்பீடு, மின்சாரம். மற்றது, பேராயத்துக்குச் செலுத்தும் ஆண்டுத் தொகை. குருவானவர்களின் ஊதியம், வீடு, ஓய்வூதியம் ஆகியவை பெரும்பாலும் இதிலிருந்து வருகின்றன. இதைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது. ஆனால் தொடர்ந்து கட்டாத பங்குகள், அடுத்த குருவானவர் வருவாரா என்ற கேள்வியை எதிர்கொள்ள நேரிடும். திருச்சபையின் அன்றாடச் செலவுக்கு அரசு பணம் தருவதில்லை. பாரம்பரியக் கட்டடங்களின் பழுதுவேலைக்கு மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று 2001 முதல் இருந்துவந்தது. 2025–26 நிதியாண்டுக்கு அதில் ஒரு கட்டடத்துக்கு 25,000 பவுண்டு என்ற உச்சவரம்பு விழுந்தது. அந்த ஆண்டில் கூரை வேலைக்கு மூன்று லட்சம் பவுண்டு ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 சதவீத வரி 60,000 பவுண்டு. உச்சவரம்பு போக மீதி வரி 35,000 பவுண்டை ஊர்தான் தேட வேண்டியிருந்தது. அதைக் கேக் விற்றுத் தேடுவதென்றால் எத்தனை கேக் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையில் விழா வருமானம் ஆலயத்தைத் தாங்குவதில்லை. வரிச்சட்டமும் அதற்குச் சாதகமாக இல்லை. வருமான வரி செலுத்துபவர் பத்துப் பவுண்டு காணிக்கை கொடுத்தால், 'கிஃப்ட் எய்ட்' திட்டத்தில் அரசிடமிருந்து மேலும் இரண்டரைப் பவுண்டு வரும். அவரே பத்துப் பவுண்டுக்கு ஜாம் வாங்கினால் அது வியாபாரம். கூடுதல் எதுவும் கிடையாது. உண்டியலில் விழும் சிறு தொகைகளுக்கும், ஒரு கொடைக்கு 30 பவுண்டு வரை, ஆண்டுக்கு மொத்தம் 8,000 பவுண்டு வரை இதே விகிதத்தில் கூடுதல் பெற வழி உண்டு. விவரம் தெரிந்த பொருளாளர்கள் விழா மேசையில் ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓர் உண்டியலையும் வைப்பது இதற்காகத்தான்.

விழாக்களின் ஆண்டு

கிராம ஆலயத்தின் நாட்காட்டி உழவர் நாட்காட்டியோடு பின்னிக்கிடக்கிறது. ஜனவரியில் உழவு ஞாயிறு: ஏர் ஆலயத்துக்குள் கொண்டுவரப்பட்டு ஆசீர்வதிக்கப்படும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களின் நான்காம் ஞாயிற்றில் தாய்மாருக்குச் சிறு பூச்செண்டுகள். ஈஸ்டருக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு ரொகேஷன்; வயலையும் விதைப்பையும் ஆசீர்வதித்தபடி பங்கின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். வரைபடங்கள் அரிதாக இருந்த காலத்தில், எந்த ஓடைவரை நம் பங்கு என்பதை இளந்தலைமுறையின் நினைவில் பதியவைத்த நடை அது. தசமபாகமும் ஏழைகள் பராமரிப்பும் அந்தக் கோட்டைப் பொறுத்தே அமைந்தன. இப்போது அது குடும்பத்தோடும் நாயோடும் போகும் ஞாயிறு நடையாக மாறி, ஆராதனைக்கு வராதவர்களையும் இழுக்கிறது.

அறுப்பின் பண்டிகை பழங்காலத்திலிருந்து மாறாமல் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். அறுவடைக் கொண்டாட்டம் பழையதுதான். ஆனால் ஆலயத்துக்குள் நடக்கும் இன்றைய வடிவத்தைப் பரப்பியவராகச் சொல்லப்படுபவர், கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ பங்கின் குருவானவராயிருந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். 1843 அக்டோபர் 1ஆம் நாள், புதுக் கோதுமையில் செய்த அப்பத்தைத் திருவிருந்தில் பயன்படுத்தும்படி அவர் தம் ஊராரை அழைத்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆரஞ்சுப் பழத்தில் மெழுகுவத்தி ஏற்றும் கிறிஸ்டிங்கிள் ஆராதனை இன்னும் புதியது. மொராவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரிடமிருந்து வந்த அந்த வழக்கத்தை, சில்ட்ரன்ஸ் சொசைட்டி என்ற அறநிறுவனம் 1968இல் லிங்கன் கதீட்ரலில் தொடங்கிவைத்தது. 'ஆதிகாலம் தொட்டு' என்று சொல்லப்படும் பலவும், சற்றுத் தோண்டினால், ஏதோ ஒரு குருவானவரோ சபையாரோ துணிந்து செய்துபார்த்த சோதனைதான். புதிய நிகழ்ச்சி ஒன்றை யாராவது முன்மொழியும்போது 'இங்கே அப்படி வழக்கமில்லை' என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

நவம்பரின் இரண்டாம் ஞாயிறு, போரில் மாண்டோர் நினைவு நாள். கிராமத்தில் ஆண்டு முழுவதும் ஆலயப் பக்கமே வராதவர்களும் அன்று வருவார்கள். கல்லில் செதுக்கிய பெயர்களில் பல, இன்னும் அந்த ஊரில் இருக்கும் குடும்பங்களின் பெயர்கள்.

கேக் மேசைக்குப் பின்னால் உள்ள சட்டம்

விழா நடத்துவது நாலு மேசை போட்டுக் குடை விரிப்பதோடு முடிவதில்லை. பொதுவாக எதிர்ப்படும் விதிகள் இவை.

1. மது விற்பதானால், ஏற்கெனவே உரிமம் இல்லாத இடத்துக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றை உள்ளாட்சி மன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு; பத்து வேலை நாட்களுக்கு முன்பே தர வேண்டும்; ஒரே சமயத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

2. ராஃபிள் சீட்டை விழா நடக்கும் இடத்தில், விழா நேரத்தில் மட்டும் விற்றால் பதிவு தேவையில்லை. ஆனால் திரட்டிய பணத்திலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்க முடியாது. ஒரு வாரம் முன்பிருந்தே ஊர்க்கடையில் சீட்டு விற்றால் கதை வேறு. உள்ளாட்சி மன்றத்தில் சிறு லாட்டரி நடத்தும் சங்கமாகப் பதிய வேண்டும்.

3. எப்போதாவது சிறு அளவில் வீட்டில் செய்த கேக்கை விற்பதற்கு உணவு வணிகப் பதிவு தேவைப்படாது. வாரந்தோறும் மதிய உணவு போட்டால் தேவைப்படும்.

4. குழந்தைகளும் நலிவுற்ற முதியோரும் வரும் நிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டு. பங்குக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர், பணியின் தன்மைக்கேற்பத் தன்னார்வலர்களின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி. 2016ஆம் ஆண்டு விதிமுறை, பேராயர்கள் மன்றத்தின் வழிகாட்டுதலை ஆலயக் குழு உரிய கவனத்தில் கொள்ள வேண்டும் என்றது; 2021ஆம் ஆண்டு விதிமுறை அதற்குப் பதிலாக, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய நடைமுறை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது.

நான்காவதைப் பற்றிக் கிராமங்களில் முணுமுணுப்பு உண்டு: 'நாற்பது வருடமாகத் தெரிந்தவருக்கு எதற்குச் சரிபார்ப்பு?' திருச்சபைக்குள் நடந்த துன்புறுத்தல்களைப் பற்றி 2020இல் வெளிவந்த சுதந்திர விசாரணை அறிக்கையைப் படித்தவர் இப்படிக் கேட்கமாட்டார். தெரிந்தவர், மரியாதைக்குரியவர் என்ற நம்பிக்கைதான் பல இடங்களில் குற்றத்துக்குத் திரையாக இருந்தது. காகித வேலை எரிச்சல் தரலாம். அந்த வேலையைத் தவிர்க்க எரிச்சல் ஒரு காரணமாகிவிடாது.

கட்டடத்தைத் திறந்துவிடுதல்

வங்கிக் கிளை, தபால் நிலையம், மதுக்கடை, பஸ் என்று ஒவ்வொன்றாகக் கிராமத்தை விட்டுப் போனபின், பல ஊர்களில் பொதுமக்கள் நுழையக்கூடிய கூரை என்று மிஞ்சியிருப்பது ஆலயம் ஒன்றுதான். ஹியர்ஃபோர்ட்ஷயரின் யார்போல் கிராமத்தில், செயின்ட் லெனார்ட்ஸ் ஆலயத்துக்குள்ளேயே 2009இல் ஊர்க்கடையும் தபால் நிலையமும் திறக்கப்பட்டன. ஆராதனையும் அங்கேதான் நடக்கிறது. ஆலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட 2006இல் சட்டம் திருத்தப்பட்டிருந்ததால் இத்தகைய ஏற்பாடுகள் எளிதாயின. கோபுரங்களைக் கைபேசி, இணையச் சேவைக்குப் பயன்படுத்துவது பற்றி அரசும் திருச்சபையும் 2018இல் உடன்பாடு செய்துகொண்டன.

ஆனால் கழிப்பறை இல்லாத, குளிரில் விறைக்கும் இடைக்காலக் கட்டடத்தில் முதியோர் கூடுகையை எப்படி நடத்துவது? தண்ணீர்க் குழாய் இழுப்பதற்கும், அசையாத மர இருக்கைகளை அகற்றுவதற்கும் 'ஃபேகல்டி' என்னும் அனுமதி வேண்டும். அதை வழங்குபவர் பேராயத்தின் நீதிபதியான சான்சலர். சிறு வேலைகளுக்கு இரண்டு விலக்குப் பட்டியல்கள் உண்டு: முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், இரண்டாவதில் உள்ளவற்றுக்கு, பேராயத்தின் ஒரு பகுதியை மேற்பார்வையிடும் மூத்த குருவானவரான ஆர்ச்டீக்கனின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் போதும். மற்றவற்றுக்கு விண்ணப்பம், அறிவிப்பு, பாரம்பரியக் கட்டட அமைப்புகளின் கருத்து என்று மாதக்கணக்கில் போகும். வௌவால்கள் குடியிருந்தால் இன்னும் சிக்கல். சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம் என்பதால் அவற்றை விரட்ட முடியாது. விருந்து மேசைமேல் எச்சம் விழாமல் துணி விரிப்பதுதான் உடனடித் தீர்வு.

விழாவிலிருந்து ஊழியத்துக்கு

விழா வேறு, ஊழியம் வேறு என்று பிரிப்பது காகிதத்தில் சுலபம். நடைமுறையில் விழாவுக்காகச் சேர்ந்த கைகள்தான் நெருக்கடியிலும் முதலில் வருகின்றன. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டபோது, பண்ணைக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடந்தன. அவர்களுக்கு உதவ அந்த ஆண்டே திருச்சபைகளின் ஆதரவுடன் ஆடிங்டன் நிதி தொடங்கியது. அதற்கு முன்பே, 1995இல், உழவர்களின் மனச்சுமையைக் கேட்பதற்கென்று, இன்று ஃபார்மிங் கம்யூனிட்டி நெட்வொர்க் எனப்படும் அமைப்பு உருவாகியிருந்தது. சில பேராயங்களில் கால்நடைச் சந்தைகளுக்குப் போய் உழவர்களோடு பேசுவதற்கென்றே வேளாண் சாப்ளின்கள் என்னும் ஆன்மப் பராமரிப்பு ஊழியர்கள் இருக்கிறார்கள்.

கிராமத்து வறுமை எளிதில் கண்ணில் படாது. நகரத்தில் உணவு வங்கிக்குப் போனால் யாருக்கும் தெரியாது. நானூறு பேர் வாழும் ஊரில் மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரியும். அதனால் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுபோவது, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலய முகப்பில் அலமாரி வைப்பது, எல்லோருக்குமான மதிய உணவாக நடத்துவது என்று வேறு வழிகள் தேட வேண்டியிருக்கிறது. 2022 குளிர்காலத்தில் மின்கட்டணம் எகிறியபோது திறக்கப்பட்ட கதகதப்புக் கூடங்களுக்கும் இதே சிக்கல்தான். 'குளிரில் வாடுவோர் வாருங்கள்' என்று பலகை வைத்தால் தன்மானம் தடுக்கும். சூப்பும் சீட்டாட்டமும் என்று சொன்னால் வரலாம். காபிக் கூடுகை என்ற வெகு சாதாரணமான வடிவம் இத்தனை ஆண்டு நிலைத்திருப்பதற்குக் காரணம், உதவி தேவைப்படுபவரும் உதவ வந்தவரும் அங்கே ஒரே மேசையில் ஒரே கோப்பையோடு உட்கார்ந்திருப்பதுதான்.

எதை வைத்து அளப்பது?

இந்தக் கேள்வியில்தான் திருச்சபைக்குள் கருத்து வேறுபாடு முற்றுகிறது. விழாவுக்கு வந்த இருநூறு பேரில் எத்தனை பேர் மறுநாள் ஆராதனைக்கு வந்தார்கள் என்று எண்ணும் தரப்பு ஒன்று. அப்படி எண்ணினால் பெரும்பாலான நிகழ்ச்சிகள் தோல்விதான். பங்கு என்பது எல்லைக்குள் உள்ள எல்லோருக்குமானது என்றால், வந்தவர்களை எண்ணுவதே தவறான அளவுகோல் என்கிறது மறுதரப்பு. சட்டத்தையும் வரலாற்றையும் பார்த்தால் மறுதரப்பின் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது. ஆனால் ஒன்றை அவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்: ஞாயிறு சபை சுருங்கினால் சனிக்கிழமை மேசை போட ஆளிருக்காது.

இதன் விளைவுகள் ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டன.

1. ஒரே ஆறேழு பேர் வார்டன், பொருளாளர், பாதுகாப்பு அலுவலர், விழாக் குழு என்று எல்லாப் பொறுப்புகளையும் சுமக்கிறார்கள். ஒருவர் நோயில் படுத்தால் விழா நிற்கிறது. இருவர் விலகினால் ஆலயக் குழுவே நிற்கிறது.

2. சில பேராயங்கள் பங்குகளைப் பெரிய குழுமங்களாகச் சேர்க்கின்றன. லெஸ்டர் பேராயம் 2021இல் ஏற்ற 'மின்ஸ்டர் சமூகங்கள்' திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. நிர்வாகச் சுமை குறையும் என்பது வாதம். அதே ஆண்டில் தொடங்கிய 'சேவ் த பாரிஷ்' இயக்கம், பணமும் ஆளும் பங்கைவிட்டு மேலே போவதாகக் குற்றம்சாட்டுகிறது. விழாக்களைப் பொறுத்தவரை ஒன்று நிச்சயம்: ஆலயக் குழுக்களை இணைக்கலாம், ஆனால் பக்கத்து ஊர் விழாவுக்கு இந்த ஊர்க்காரர்களைக் கேக் சுடவைப்பது அவ்வளவு எளிதல்ல.

3. வாராந்தர ஆராதனையைத் தாங்க முடியாத ஆலயங்களுக்கு, 2015இல் வந்த ஆலயக் கட்டட மறுஆய்வு 'திருவிழா ஆலயம்' என்ற வடிவத்தைப் பரிந்துரைத்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் திறக்கும் ஆலயம். அது மூடப்பட்ட ஆலயம் ஆகிவிடாது. காப்பீடு கட்ட வேண்டும், கூரையைக் கவனிக்க வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது வழியைத் தேர்ந்த ஊரில் ஆராதனைகளின் எண்ணிக்கை குறையும். வார்டன்கள் தேவைப்படுவது குறையாது. ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் பொறுப்புக்கு எவரும் முன்வராமல் போனால், ஊரில் கூரை நிதிக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற பேச்சே எழாது.